ஒரு கட்டுரை, மூன்று ஊர்: ஆராய்ச்சி நகரங்களை இணைக்கும் விதம்

நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி என்றொரு கிராமம். அங்கே கிடைக்கும் அனார்த்தோசைட் என்ற வெளிர்நிறப் பாறை, நிலாவின் மேட்டுநிலப் பாறைக்கு மிக நெருக்கமானது. சந்திரயானின் லேண்டரையும் ரோவரையும் இங்கேயே ஓட்டிப் பார்க்க நிலா மண்ணைப் போன்ற மண் டன் கணக்கில் தேவைப்பட்டது. அதற்காகத்தான் பெங்களூருவிலுள்ள இஸ்ரோ செயற்கைக்கோள் மையம் இந்தப் பாறையைத் தேடி வந்தது. பாறையை உடைத்து, பொடித்து, சலித்து அந்த மாற்று மண்ணைத் தயாரித்த வேலையில் சேலம் பெரியார் பல்கலைக்கழகமும் திருச்சி என்ஐடியும் பங்கெடுத்தன. அந்த மண்ணுக்கு 2020இல் இஸ்ரோவுக்குக் காப்புரிமை கிடைத்தது.

ஒரே ஊரில் இந்த வேலை முடிந்திருக்காது. பாறையில் எந்தக் கனிமம் எவ்வளவு என்று சொல்ல நிலவியல்காரர் வேண்டும். பாறை கிடக்கும் இடத்தை நன்றாக அறிந்த நிலவியல்காரர் பக்கத்து ஊரில்தான் இருப்பார். பொடியின் துகள் அளவு என்ன, எவ்வளவு எடை தாங்கும், எந்தச் சரிவில் சரியத் தொடங்கும் என்பதெல்லாம் மண் பொறியியல் லேபில் சோதிக்க வேண்டியவை. அந்த மண்ணில் சக்கரம் எவ்வளவு புதையும் என்பது விண்கலம் கட்டுகிறவர்களின் கவலை. இப்படிப்பட்ட வேலையிலிருந்து ஆய்வுக் கட்டுரை எழுதும்போது, ஆசிரியர் பெயர்களுக்குக் கீழே மூன்று ஊர்களின் முகவரி வரும். அந்த முகவரி வரிகள்தான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

ஒரே ஆய்வுக் கட்டுரையில் இரண்டு ஊர்களின் முகவரி இருந்தால், வரைபடத்தில் அந்த ஊர்களுக்கு நடுவே ஒரு கோடு போடுவார்கள். கட்டுரைகள் கூடக்கூடக் கோடு தடிக்கும். ஆயிரக்கணக்கான கட்டுரைகளுக்கு இதையே செய்தால், ஒரு வட்டாரத்தில் எந்த ஊர் எந்த ஊரோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்கிறது என்ற படம் கிடைத்துவிடும். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கோட்டைப் பார்த்ததும் "இந்த இரண்டு ஊரும் சேர்ந்து உழைக்கின்றன" என்று நம்பிவிடக் கூடாது. அந்த முகவரி அங்கே ஏன் எழுதப்பட்டது என்று தெரிந்தால்தான் கோட்டுக்கு அர்த்தம்.

கோடு எதனால் விழுகிறது

பெரும்பாலும் ஆளால். காரைக்குடியில் பிஎச்.டி. முடித்த ஒருவர் மதுரைக் கல்லூரியில் வேலைக்குச் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புதுக் கல்லூரியில் அவருக்கென்று லேப் இருக்காது, கருவியும் இருக்காது. பழைய கைடோடு சேர்ந்துதான் அடுத்த சில வருடங்கள் எழுதுவார். காரைக்குடி–மதுரைக் கோடு தடிக்கும். பிறகு அவரே ஸ்காலர்களை எடுத்து, சொந்தமாகப் ப்ராஜெக்ட் வாங்கியதும் அதே கோடு மெலியும். மெலிந்தது நல்ல செய்தி. ஆனால் கொள்கை அறிக்கைகளில் இதை "ஒத்துழைப்புச் சரிவு" என்று எழுதிவிடுவார்கள்.

இரண்டாவது, கருவி. எலக்ட்ரான் நுண்ணோக்கி, மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் கருவி போன்றவற்றை எல்லாக் கல்லூரியும் வாங்க முடியாது, வாங்கினாலும் பராமரிக்க முடியாது. கருவி இருக்கும் ஊருக்குச் சாம்பிள் போகும், சில சமயம் ஆளும் போவார். வானியலில் இது இன்னும் வெளிப்படை, ஏனென்றால் அங்கே கருவி எங்கே இருக்க வேண்டும் என்பதை மலையும் வானமும் முடிவு செய்கின்றன. ஊட்டி ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வடக்கு–தெற்காகச் சரியும் ஒரு மலைச்சரிவில் அதைக் கிடத்தியிருக்கிறார்கள். சரிவின் கோணம் சுமார் 11 டிகிரி, ஊட்டியின் அட்சரேகையும் அதே அளவு. இதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழற்சி அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. அந்த ஒரே அச்சில் திருப்பினாலே வானில் நகரும் பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். இப்படிப் பொருந்தி வரும் சரிவு ஊட்டியில் இருந்தது. 1970இல் கட்டி முடித்த அந்தத் தொலைநோக்கியை இன்று நடத்துவது புணேவில் இருக்கும் தேசிய ரேடியோ வானியற்பியல் மையம். ஊட்டி–புணே கோட்டுக்குக் காரணம் ஒரு மலைச்சரிவு. அதேபோல திருப்பத்தூர் மாவட்டத்துக் காவலூரில் இருக்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கியும் கொடைக்கானல் சூரிய ஆய்வகமும் பெங்களூருவின் இந்திய வானியற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்தவை.

மூன்றாவது, இடமும் சாம்பிளும். சித்தம்பூண்டியே உதாரணம். நான்காவது, பணம். 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, வலுவான ஒரு நிறுவனத்தை மையமாக வைத்து, அதைச் சுற்றிப் பல்கலைக்கழகங்களைச் சேர்க்கும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. இப்படிப் பணம் வந்தால் கோடு வரும். பணம் நின்ற பிறகும் கோடு நீடிக்கிறதா என்பதுதான் சோதனை.

எம்ஓயு, அதாவது புரிந்துணர்வு ஒப்பந்தம், என்று ஒன்று உண்டு. இரண்டு துணைவேந்தர்கள் கோப்புகளை மாற்றிக்கொண்டு படமெடுத்துக்கொள்வார்கள். அதன் எண்ணிக்கையை வைத்து எந்த ஊரின் இணைப்பையும் அளக்காதீர்கள்.

எண்ணுவது எப்படி

சின்ன வட்டாரம் என்றால் ஒரு கணினியும் பொறுமையும் போதும். ஆய்வுக் கட்டுரைகளின் ஆசிரியர், முகவரி விவரங்களைத் தரும் ஓப்பன்அலெக்ஸ் என்ற தரவுத்தளம் 2022 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. இதே போன்ற ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும் சந்தா கட்டும் நூலகங்களில் இருக்கும்.

முதலில் கால அளவு. ஒரே ஒரு வருடத்தை எடுத்தால் சின்ன ஊர்களின் எண்ணிக்கை தாறுமாறாக ஆடும். ஒருவர் பணி மாறினாலே பாதியாகும். பத்து வருடம் எடுத்தால் பழைய உறவும் புதிய உறவும் கலந்துவிடும். ஐந்து வருடம் ஒத்துவரும். வேலை நடந்து கட்டுரை வெளிவர ஓரிரு வருடம் ஆவதால், படத்தில் தெரிவது எப்போதும் கொஞ்சம் பழைய நிலவரம்தான்.

அடுத்து, ஒவ்வொரு கட்டுரையின் முகவரிகளையும் பிரித்து ஊர்ப்பெயர் எடுக்க வேண்டும். ஒரு கட்டுரையில் சென்னை முகவரி ஐந்து முறை வந்தாலும் சென்னை ஒன்றுதான். பிறகு ஊர்களை ஜோடி சேர்க்க வேண்டும். மூன்று ஊர் என்றால் 3 ஜோடி, பத்து ஊர் என்றால் 45. ஊர் எண்ணிக்கையை அதில் ஒன்று குறைத்த எண்ணால் பெருக்கி, இரண்டால் வகுத்தால் ஜோடிகள் கிடைக்கும்.

இப்போது கிடைத்த எண்ணை அப்படியே ஒப்பிடக் கூடாது. கணக்குப் புரிவதற்காக ஒரு கற்பனை எண் எடுப்போம். பெரிய நகரம் ஒன்றில் ஐந்து வருடத்தில் 10,000 கட்டுரை. நடுத்தர நகரத்தில் 6,400. சிறு நகரத்தில் 400. பெரியதும் நடுத்தரமும் சேர்ந்து எழுதியவை 160, பெரியதும் சிறியதும் சேர்ந்து எழுதியவை 40. முதல் கோடு நான்கு மடங்கு தடிமனாகத் தெரியும். ஆனால் நடுத்தர நகரத்தில் எழுதுகிறவர்களே அத்தனை பேர் அதிகம். இதைச் சரிசெய்ய, சேர்ந்து எழுதிய எண்ணிக்கையை இரு நகர எண்ணிக்கைகளின் பெருக்கலுடைய வர்க்கமூலத்தால் வகுப்பார்கள். சால்டன் அளவு என்று இதற்குப் பெயர். 10,000ஐ 6,400ஆல் பெருக்கினால் வர்க்கமூலம் 8,000. 160ஐ அதால் வகுத்தால் 0.02. இன்னொரு பக்கம் 10,000ஐ 400ஆல் பெருக்கினால் வர்க்கமூலம் 2,000. 40ஐ வகுத்தால் அதுவும் 0.02. இரண்டு உறவும் சம வலிமை.

அதோடு நிறுத்தாமல் பங்கையும் பாருங்கள். சிறு நகரத்துக்கு அந்த 40 கட்டுரை மொத்தத்தில் 10 விழுக்காடு. பெரிய நகரத்துக்கு 0.4 விழுக்காடு. ஒருவருக்கு உயிர்நாடி, மற்றவருக்குக் கவனத்திலேயே இல்லாத விஷயம். சால்டன் அளவு இந்த ஏற்றத்தாழ்வை மறைத்துவிடும் என்பதால் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவதுதான் முறை.

படம் வரைய விஓஎஸ்வியூவர், கெஃபி போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. படம் அழகாக வந்துவிடும். அதனாலேயே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

பொய்க் கோடுகள்

நேரம் பெரும்பாலும் இங்கேதான் செலவாகும். தென்னிந்தியத் தரவை எடுத்து எந்தச் சுத்தமும் செய்யாமல் வரைந்தால், சென்னை தரமணிக்கும் மும்பைக்கும் நடுவே கணிதத்தில் ஒரு தடித்த கோடு தெரியும். தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பட்டம் பெறுவது ஹோமி பாபா தேசிய நிறுவனத்தின் வழியாக. ஆகவே கட்டுரையில் இரண்டு முகவரி எழுதுவார்கள்: ஒன்று தரமணி, இன்னொன்று மும்பை அணுசக்தி நகர். எழுதியவர் தரமணியை விட்டு நகர்ந்திருக்கவே வேண்டாம், ஆனாலும் கட்டுரைக்கு ஒரு சென்னை–மும்பைக் கோடு. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்துக்கும் இதே கதை.

மத்திய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆரின் ஆய்வுக்கூடங்களில் இது அக்சிர் என்ற அகாடமியின் பெயரில் வரும். பட்டம் தருவது அந்த அகாடமி, அதன் முகவரி காசியாபாத். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் ஸ்காலர் எழுதும் கட்டுரையில் காசியாபாத் 201002 என்றும் இருக்கும். செட்டிநாட்டுக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் அப்படியென்ன மின்வேதியியல் உறவு என்று ஆராயத் தொடங்கினால் அவமானம்தான் மிஞ்சும். தீர்வு சுலபம்: பட்டம் மட்டும் வழங்கும் நிறுவனங்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு அந்த முகவரிகளை முதலிலேயே நீக்கிவிட வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஒரே நிறுவனம், பல ஊர். அமிர்தா பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் கோயம்புத்தூர் எட்டிமடை. கொச்சியில் மருத்துவமனை, பெங்களூருவிலும் கொல்லம் அருகேயும் வளாகங்கள். விஐடிக்கு வேலூரோடு சென்னை வளாகமும் இருக்கிறது. தரவுத்தளம் நிறுவனப் பெயரைப் பார்த்துத் தலைமையிடத்தின் ஊரைப் போட்டுவிட்டால், கொச்சி மருத்துவர் எழுதியது கோயம்புத்தூர்க் கணக்கில் ஏறும். அதனால் நிறுவனப் பெயரை நம்புவதைவிட அஞ்சல் குறியீட்டை நம்புவது மேல். முதல் மூன்று இலக்கம் பார்த்தால் போதும்: 600 சென்னை, 560 பெங்களூரு, 620 திருச்சி, 641 கோவை, 632 வேலூர். இதிலும் ஓட்டை உண்டு. ஆவடியும் 600இல்தான் வரும். காட்டாங்குளத்தூரும் கல்பாக்கமும் 603. இந்த ஊர்களைச் சென்னையோடு சேர்ப்பதா தனியே வைப்பதா என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும். சேர்த்தால் சென்னை–கல்பாக்கம் கோடு படத்திலிருந்து மறைந்துவிடும், பிரித்தால் ஒரே மாநகரம் பல ஊராகத் தெரியும். எதைச் செய்தாலும் படத்துக்குக் கீழே எழுதிவிடுங்கள்.

ஊர்ப்பெயர்களே தனித் தலைவலி. மெட்ராஸ் 1996இல் சென்னை ஆனது, ஐஐடியின் பெயரில் மெட்ராஸ் நீடிக்கிறது. பாங்களூர் 2014இல் பெங்களூரு ஆனது. ஆனாலும் இரண்டு எழுத்துக்கூட்டலும் புழக்கத்தில் இருக்கின்றன. திருவனந்தபுரம், ட்ரிவாண்ட்ரம், புதுச்சேரி, பாண்டிச்சேரி. இவற்றை ஒன்றாக்காவிட்டால் ஒரு நகரம் தன்னோடு தானே கூட்டு வைத்திருப்பதாகப் படம் காட்டும். ஹைதராபாத் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்திலும் இருக்கிறது. சேலம் அமெரிக்காவிலும் இருக்கிறது. நாட்டின் பெயரையும் சேர்த்துப் பார்க்காமல் ஊரை மட்டும் எடுப்பவர்களுக்கு இது ஒரு நாள் புரியும்.

பிறகு ராட்சதக் கட்டுரைகள். ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி 2015இல் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் இரண்டு சோதனைக் குழுக்கள் சேர்ந்து வெளியிட்ட கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயரும் முகவரியும்தான். 60 ஊர்கள் உள்ள ஒரு கட்டுரையே 1,770 ஜோடிகளை உண்டாக்கும். அந்த இரண்டில் ஒன்றான சிஎம்எஸ் சோதனையில் ஐஐடி மெட்ராஸும் சண்டிகரிலுள்ள பஞ்சாப் பல்கலைக்கழகமும் இருப்பதால், சென்னைக்கும் சண்டிகருக்கும் நடுவே நூற்றுக்கணக்கில் கோடு விழும். இரண்டு வழி உண்டு. ஒரு கட்டுரையின் மொத்த மதிப்பு ஒன்று என்று வைத்து ஜோடிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கலாம்: மூன்று ஊர்க் கட்டுரையில் ஜோடிக்கு மூன்றில் ஒன்று, 60 ஊர்க் கட்டுரையில் 1,770இல் ஒன்று. இல்லையென்றால் பத்து ஊர்களுக்கு மேல் உள்ளவற்றைத் தனிப் பட்டியலாக ஒதுக்கலாம். வட்டார உறவைப் பார்ப்பதற்கு இரண்டாவது வழிதான் தெளிவு.

இன்னொன்று, ஒரே ஆள் இரண்டு ஊர். பணி மாறியவர் பழைய முகவரியையும் புதியதையும் போடுவார், வருகைப் பேராசிரியர் இரண்டையும் போடுவார். கட்டுரையை எழுதியவர் ஒருவரே என்றாலும் கோடு விழும். குறைந்தது இரண்டு வேறு ஆட்கள் இரண்டு வேறு ஊரிலிருந்து இருந்தால்தான் எண்ணுவது என்று விதி வையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரு ஐம்பது கட்டுரையைக் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கி, ஒவ்வொன்றின் முதல் பக்கத்தையும் திறந்து கையால் சரிபாருங்கள். ஐந்தாறுக்கு மேல் தப்பு வந்தால் படத்தைக் கிழித்துவிட்டு முகவரிக்கே திரும்ப வேண்டியதுதான்.

தூரம் என்ன செய்கிறது

ஊர்கள் தள்ளிப் போகப் போகக் கூட்டுக் கட்டுரைகள் குறையும். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா பல்கலைக்கழகங்களை வைத்து 1994இல் ஜே. சில்வன் காட்ஸ் என்ற ஆய்வாளர் இதை எண்ணிக் காட்டினார். குறைவதும் சீராகக் குறையவில்லை, ஆரம்பத்திலேயே செங்குத்தாகச் சரிகிறது. இணையம் வந்த பிறகு தூரம் செத்துவிடும் என்று பலர் நினைத்தார்கள். 1980களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை இணைத்த பிட்நெட் என்ற ஆரம்பகால வலையமைப்பை பொருளாதார ஆய்வாளர்களான அஜய் அகர்வாலும் அவி கோல்ட்ஃபார்பும் ஆராய்ந்தபோது வேறொன்று தெரிந்தது. அதிகப் பயன் அடைந்தவை நடுத்தரப் பல்கலைக்கழகங்கள்; அவை முன்னணிப் பல்கலைக்கழகங்களோடு கூடுதலாகச் சேர்ந்து எழுதின. அதிலும் பக்கத்தில் இருந்த ஜோடிகளுக்குத்தான் விளைவு அதிகம். மின்னஞ்சல் நேர்ச் சந்திப்புக்கு மாற்றாகவில்லை, ஏற்கெனவே சந்தித்துக்கொண்டவர்களுக்கு உதவியது.

காரணம் நடைமுறையில் இருக்கிறது. கூட்டு வேலை உடைவது சின்ன விஷயங்களில். சாம்பிள் வழியில் ஈரம் பட்டுக் கெட்டுவிடும். கருவிக்கு முன்பதிவு செய்த நாளில் கருவி பழுதாகி நிற்கும். அளவீட்டில் ஒரு விசித்திரமான எண் வந்தால், அது உண்மையா, சாம்பிள் தயாரிப்பின் கோளாறா என்று கருவிக்குப் பக்கத்தில் நின்று பேசினால் பத்து நிமிடத்தில் தெரியும். மின்னஞ்சலில் இரண்டு வாரம் ஆகும். ப்ராஜெக்ட் பணம் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியாக வருவதால், ஓரிடத்தில் கணக்கு ஒப்படைக்கத் தாமதமானால் அடுத்த தவணை நின்று, இன்னொரு ஊரின் ஸ்காலருக்கு உதவித்தொகை வராது. ஆசிரியர் வரிசையை முதலிலேயே பேசி எழுதி வைக்காதவர்கள் கடைசியில் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

அதனால் வெறும் கிலோமீட்டரைவிட, காலையில் போய் இரவே திரும்ப முடிகிறதா என்பதுதான் சரியான கேள்வி. சென்னைக்கும் பெங்களூருவுக்கும் சுமார் 350 கிலோமீட்டர்; 2022 நவம்பரில் தொடங்கிய வந்தே பாரத்தில் நாலரை மணி நேரத்துக்குள் போகலாம். அதே தூரத்தில் நேரடி ரயில் இல்லாத இரண்டு ஊர்கள் ஆராய்ச்சிக் கணக்கில் வெகு தூரம். வரைபடம் போடும்போது கிலோமீட்டருக்குப் பதில் பயண நேரத்தை எடுத்துப் பாருங்கள், புரியாத பல கோடுகள் புரியும்.

முகவரியில் வராதவை

பொய்க் கோடுகளை நீக்குவது பாதி வேலை. உண்மையான உறவு கோடாக விழாமலே போவது மறு பாதி. கல்லூரி லேபிலிருந்து கட்டணம் கட்டி ஐஐடி மெட்ராஸின் பகுப்பாய்வுக் கருவி மையத்துக்குச் சாம்பிள் அனுப்பினால், கட்டணம் கட்டிய சேவை என்பதால் அந்த மையத்தின் பெயர் பொதுவாக இணை ஆசிரியர் வரிசையில் வராது. கட்டுரையின் கடைசியில், நன்றியுரையில் ஒரு வரி வரும். சிறு ஊர்களின் வேதியியல், பொருளறிவியல் கட்டுரைகளில் அந்த ஒரு வரி இல்லையென்றால் முழுக் கட்டுரையும் இல்லை. நன்றியுரைகளைத் தனியே படித்து நிறுவனப் பெயர்களை எடுத்தால் இன்னொரு வரைபடம் கிடைக்கும். அதில் கருவி மையங்கள் இருக்கும் ஊர்களைச் சுற்றிக் கோடுகள் குவிந்திருக்கும்.

வேளாண்மையில் இது வேறு உருவம் எடுக்கிறது. 1965இல் ஹைதராபாத்தை மையமாக வைத்துத் தொடங்கிய அகில இந்திய நெல் மேம்பாட்டுத் திட்டத்தில், ஒரே விதைத் தொகுதி கோயம்புத்தூர், ஆடுதுறை உட்படப் பல நிலையங்களுக்குப் போகிறது. ஒவ்வொரு நிலையமும் தன் மண்ணில், தன் பருவத்தில் விதைத்து, ஒரே படிவத்தில் விளைச்சலையும் நோயையும் குறித்துத் திருப்பி அனுப்புகிறது. ஒரு ரகம் பல ஊர்களில் தேறினால்தான் மேலே போகும். வருடா வருடம் நடக்கும் இந்தப் போக்குவரத்தின் பலன் திட்ட அறிக்கைகளில் அச்சாகிறது. கட்டுரைத் தரவுத்தளத்தில் தேடினால் ஆடுதுறைக்கும் ஹைதராபாத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய கோடுதான் கிடைக்கும். நெல் ஆராய்ச்சியில் எந்த ஊர் எந்த ஊரைச் சார்ந்திருக்கிறது என்று அறிய விரும்புகிறவர், விதை அனுப்பிய பதிவேட்டைக் கேட்டு வாங்க வேண்டும்.